முதல் விருப்பு

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபின், மாணவன் தான் விரும்பும் கற்கைநெறிகளை வரிசைப்படுத்திப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கின்றான். தன் இசட் புள்ளியை அவன் அறிவான். அவ்வாண்டின் வெட்டுப்புள்ளியை அறியான். அவ்வேளையிலேதான் ஆசிரியரின் அறிவுரை பிறக்கின்றது: “எட்டாக்கனியை விடு; கிடைப்பதை முதலில் எழுது.”

விவேகம்போலத் தோன்றும் இவ்வுரை கணக்கின்படியே பிழையானது. முதல் விருப்புக்குப் புள்ளி போதாதெனில் அடுத்தது நோக்கப்படும். உயர்ந்ததை மேலே எழுதியமையால் எவரும் கீழுள்ளதை இழப்பதில்லை. மாறாக, மேலே எழுதிய சிறியது கிடைத்துவிட்டால் கீழே எழுதிய பெரியது நோக்கப்படுவதேயில்லை. பாதுகாப்பு வேண்டுமெனில் அது பட்டியலின் அடியில் இருக்கட்டும்.

இவ்வறிவுரை யாருக்குச் சொல்லப்படுகின்றது? தவறினால் வெளிநாடு சென்று பயிலப் பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கன்று. தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவிக்கு. பல கற்கைநெறிகளில் 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் அவற்றுள் ஒன்று. (அக்கதவு போதிய அகலமுடையதன்று என்பது வேறு வழக்கு.) திறந்துள்ள அச்சிறு கதவையும் ஆசிரியரின் பரிவே சாத்திவிடலாமா?

ஓராண்டு வீணானால் வறிய குடும்பம் தாங்காது என்பது மெய்யே. ஆனால் அந்த அச்சத்துக்கு மாற்று, பட்டியலை நீட்டுவது, தலைகீழாக்குவதன்று. தாதியியலை மனமார விரும்பும் மாணவி அதனையே முதலில் எழுதுவாள். அவளை எவரும் தடுக்கவேண்டியதில்லை. மருத்துவத்தை விரும்பும் மாணவி தாதியியலை முதலில் எழுதிக்கொண்டு வருவாளாயின், அவ்வரிசை யாருடையது என்று கேட்டறிந்த பின்னரே ஆசிரியர் விண்ணப்பத்தை அனுப்பவிடவேண்டும்.