பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தவர்கள்



தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம். சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் இந்தக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டு. இன்று அறுபது வயதைத் தொட்டவர்கள்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

1928க்குப் பிறகு வெகுகாலம் நின்றிருந்த குளிப்பு, 1955இல் மறுபடி தொடங்கி ஏழு ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. கடலடியில் சிப்பி விளையும் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். விடியலில் தோணிகள் பாருக்குப் போகும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, எட்டுப் பத்துப் பாகம் கீழே போவார். கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே நிற்பவர் அந்த நொடியே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் பெரும்பாலும் மச்சானாக இருப்பார் என்று கடற்கரைப் பெரியவர்கள் சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலி அந்த மூச்சில் இருக்கிறது; அவர் வேறெங்கும் பார்க்க மாட்டார்.

1961இல் கரையேறியவர்களுக்கு அதுதான் கடைசி என்று தெரியாது. பிறகு பார்களைச் சோதித்துப் பார்த்தபோது, குளிக்கிற அளவுக்குச் சிப்பி இல்லை. மணல் மூடியதா, திருக்கை தின்றதா, குஞ்சுச் சிப்பி தங்கவில்லையா என்று பல காரணம் சொன்னார்கள். சங்க காலம் முதல் பெயர் பெற்ற ஒரு தொழில், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. பனிமய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடிய குடும்பங்கள்தான் அந்தத் தொழிலை நம்பியிருந்தன. ஆண்டவர் ஏன் கைவிட்டார் என்று அவர்கள் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தக் கேள்வியோடு, விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கடற்கரை மக்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். பவுலடியார் கைதியாக ரோமைக்குப் போகிறார். கோதுமை ஏற்றிய கப்பல். ஆள் 276 பேர். வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவிலிருந்து ஒரு பேய்க்காற்று பிடிக்கிறது. சரக்கைக் கடலில் தள்ளுகிறார்கள்; கப்பல் தளவாடங்களையும் எறிகிறார்கள். பல நாளாகச் சூரியனும் தெரியவில்லை, விண்மீனும் தெரியவில்லை. பதினான்காம் இரவு, குண்டு விட்டு ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து, பின்பக்கம் நான்கு நங்கூரத்தை இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் பவுலுக்கு இறைவன் கொடுத்த வாக்கு ஒன்று உண்டு. உங்களில் ஒருவர் உயிரும் போகாது, கப்பல் மட்டும் போய்விடும் என்பதுதான் அதன் சாரம். கப்பல் போகும் என்பதையும் ஆண்டவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இதை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். நாம் பெரும்பாலும் கப்பலுக்காகவே ஜெபிக்கிறோம். இந்த வேலை நிலைக்க வேண்டும், இந்த வியாபாரம் ஓட வேண்டும், இந்த வீட்டிலேயே கடைசிவரை இருக்க வேண்டும் என்று. அப்படி ஜெபிப்பதில் தவறில்லை. ஆனால் கப்பல் உடைந்தவுடன் வாக்கும் உடைந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோமே, அங்கேதான் இடறுகிறோம்.

மறுநாள் கப்பல் மணல்திட்டில் மோதிச் சிதறியது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். 276 பேரும் பிழைத்தார்கள். உடைந்துபோன அந்தக் கப்பலின் மரமே அவர்களைக் கரையில் சேர்த்தது!

நம் கடற்கரை இதைப் பலமுறை கண்டிருக்கிறது. 1542இல் புனித சவேரியார் இங்கே வந்தபோது, முக்கிய ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து, மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி மனப்பாடமாகக் கற்றுக் கொடுத்தார். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. கோயிலும் கையில் இல்லை, பூசை வைக்கவும் ஆளில்லை. அப்போது வீட்டுக்குள் மிஞ்சியது தாயும் பாட்டியும் சொல்லிக்கொடுத்த அந்தத் தமிழ் ஜெபங்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டே ஜனங்கள் விசுவாசத்தில் நின்றார்கள். முத்துக்குளிப்பு நின்றபோதும் அப்படித்தான். மூச்சடக்கத் தெரிந்தவர்களுக்குச் சங்கு குளிக்கும் தொழில் இருந்தது. கடலை அறிந்தவர்கள் மீன்பிடிக்கும் தோணிக்கும் போனார்கள். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபோது, பிழைக்க இன்னொரு பலகையும் கிடைத்தது.

எல்லாம் நன்மையாக முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு சங்குக்கு இறங்குகிற தம்பிமார் உயிரைப் பணயம் வைத்தே இறங்குகிறார்கள். பலகையைப் பிடித்து வருவது சுகமான பயணமில்லை. உப்புத்தண்ணீர் குடிக்கத்தான் வேண்டியிருக்கும்.

பவுல் அந்தக் கப்பலில் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். விடியும் நேரத்தில், பதினான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்களைப் பார்த்து முதலில் சாப்பிடச் சொன்னார். அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் நன்றி சொல்லி, தானும் சாப்பிட்டார். அவர்களில் பலர் கிறிஸ்துவை அறியாதவர்கள். கரையேறியதும் மால்டா தீவு மக்கள், முன்பின் தெரியாத அந்த மனிதர்களுக்கு மழையிலும் குளிரிலும் தீ மூட்டிக் கொடுத்தார்கள். நம் மண்ணிலும் இதே அன்பைக் கண்டோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோனபோது, பக்கத்துக் கிராமத்து மக்கள் அந்தப் பயணிகளுக்குச் சோறாக்கிக் கொடுத்தார்களே, ஆண்டவரின் பராமரிப்பு அன்று அந்தச் சோற்றுப் பானை வழியாகத்தான் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் தெருவிலும் இந்த வாரம் வேலை போனவர் இருக்கலாம், மருத்துவமனையிலிருந்து கெட்ட செய்தியோடு திரும்பியவர் இருக்கலாம். விசுவாசத்தை விடாதீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். இன்று காலை உங்கள் வீட்டில் சமைத்ததில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சேர்ந்து ஜெபியுங்கள்.