செத்துப்போச்சு என்று சொல்லுமுன்



துரோவா பட்டணத்தில் மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து தூங்கிவிழுந்த ஐத்திகு என்கிற வாலிபனை நீங்கள் அறிவீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம். பவுல் நடுராத்திரி மட்டும் பேசிக்கொண்டே இருந்தார், பையன் கண்ணயர்ந்துவிட்டான். (நீண்ட பிரசங்கம் பண்ணுகிற ஊழியக்காரர் எல்லாரும் இந்தப் பகுதியை வருஷத்துக்கு ஒருமுறை வாசிப்பது நல்லது. என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.) கூடியிருந்தவர்கள் பார்த்தார்கள், கதை முடிந்தது என்று தீர்மானித்தார்கள். பவுலோ மேலே நின்றபடி தீர்ப்புச் சொல்லவில்லை. படியிறங்கிப் போனார். அவன்மேல் விழுந்து அணைத்தார். அதற்குப் பிறகுதான் அவனுக்குள் உயிர் இருக்கிறதென்று ஜனங்களுக்குச் சொன்னார்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். பவுல் கூடாரம் தைத்தார், நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் "டெட்" என்று ஒரு வார்த்தை உண்டு. லேப்டாப்பின் பட்டனை அழுத்துவார்கள், ஒன்றும் வராது, "டெட்" என்று எழுதி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இறங்கிப்போய்ப் பார்க்கிறவர்கள் கொஞ்சம்பேர்தான்.

போன வருஷம் ஒரு தாயார் மஞ்சள் பையில் சுற்றி ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருஷம். அவர் உயிரோடிருந்த நாட்களில் தம்முடைய சாட்சியையும் சில பாட்டுகளையும் அதிலே பேசிப் பதிவுசெய்து வைத்திருந்தாராம். ஒரு கடையில், "போர்டு போச்சும்மா, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொன்னார்கள். அந்தத் தாயார் என்னிடம் லேப்டாப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஐயா, அவர் குரல் இன்னும் அதுக்குள்ளே இருக்குதா?" என்றுதான் கேட்டார்கள்.

பிரியமானவர்களே, ஸ்டார்ட் ஆகவில்லை என்பது ஒரே வியாதி அல்ல. விளக்கே எரியாதது ஒன்று. விளக்கு எரிந்து ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாய் நிற்பது வேறொன்று. கம்பெனிப் பெயர் வந்து அதோடு நின்றுபோவது இன்னொன்று. எது என்று கேளாமல் மருந்து கொடுக்கிறவன் வைத்தியன் அல்ல.

விளக்கே எரியவில்லையா, முதலில் சார்ஜரைச் சந்தேகியுங்கள். அதன் முதுகில் அவுட்புட் 19 வோல்ட் அல்லது 19.5 வோல்ட் என்று அநேகமாய் எழுதியிருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். ஒயர் பின்னோடு சேருகிற இடத்தில் உள்ளுக்குள்ளே அறுந்திருக்கும், வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சார்ஜர் நல்லது என்றால், அதைக் கழற்றி, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கிற மிச்ச மின்சாரம் வடிந்துபோகும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மாத்திரம் போட்டு ஆன் பண்ணுங்கள். இதிலேயே எழும்பின லேப்டாப்புகளை நான் கண்டிருக்கிறேன். சிலர், "பாஸ்டர், இதுமேல கை வச்சு ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். ஜெபிக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் சார்ஜரையும் கொண்டுவாங்க என்று சொல்லியனுப்புகிறேன்.

அந்தத் தாயாருடையது இரண்டாம் வகை. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை இருட்டு. டார்ச் லைட்டைச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். மங்கலாகவாவது படம் தெரிந்தால் திரைக்குப் பின்னாலுள்ள வெளிச்சம் மட்டும் போயிற்று என்று அர்த்தம். ஒன்றும் தெரியவில்லை. வெளி மானிட்டரில் மாட்டினேன், அதிலும் இல்லை. அப்படியானால் ராம் பக்கம் போகவேண்டும். அடிமூடியைத் திறந்து இரண்டு ராம்களையும் கழற்றினேன். பொன்நிறப் பற்களில் அழுக்குப் பிடித்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் மெதுவாய்த் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஒன்றை மட்டும் போட்டேன். இருட்டு. அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. "போர்டு போச்சு" என்ற லேப்டாப்பில் போயிருந்தது ஒரு ராம். அந்தப் பழைய மாடல் ராம், சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் கொஞ்ச ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான்.

ஆகிலும் ஒன்று சொல்லவேண்டும். எல்லா லேப்டாப்பும் எழும்பாது. போர்டு மெய்யாகவே எரிந்துபோனதும் உண்டு, தண்ணீர் இறங்கி உளுத்துப்போனதும் உண்டு. அப்பொழுதும் அந்தத் தாயார் கேட்டது போர்டில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பழைய லேப்டாப்புகளில் அது உள்ளங்கையளவு தனிப் பெட்டி, 2.5 அங்குலம். இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். யுஎஸ்பி உறையில் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் படங்களும் பாட்டுகளும் வந்து நிற்கும். ஆனால் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் காயம் பெரிதாகும்.

பதிவைப் போட்டேன். முதலில் இருமல், பிறகு நாற்காலி இழுக்கிற சத்தம், பிறகு அவர் ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிக்கிறார். அந்தத் தாயார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மகன் வெளியே போய் நின்றுகொண்டான்.

சபையாரே, நம் நடுவிலும் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். "அவன் குடிக்கு அடிமை, இனி தேறமாட்டான்." "அந்தப் பொண்ணு ஆராதனைக்கு வர்றதை விட்டுடுச்சு, அவ்வளவுதான்." யார் படியிறங்கிப் போனது? எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது? அந்தப் பெண் ஏன் வரவில்லை என்று இந்த மூன்று மாதத்தில் ஒருவராவது அவள் வீட்டுக் கதவைத் தட்டினோமா? இந்த வாரத்திலேயே இரண்டு பேராய்ப் போங்கள். பிரசங்கம் பண்ணவேண்டாம், டீ கொடுத்தால் குடியுங்கள், பேசவிட்டுக் கேளுங்கள்.

வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப்போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்றது இலவசம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவதற்குத் தாராளமாய்ப் போதும். நாளும் நேரமும் ஒவ்வொரு தடவையும் பழைய வருஷத்துக்குப் போகிறதா, உள்ளே காசு போலிருக்கிற 3 வோல்ட் பேட்டரியை மாற்றினால் அநேகமாய்ச் சரியாகிவிடும்.

சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் சபை ஹாலின் பின் அறையில் இருப்பேன். லேப்டாப்போடு சார்ஜரையும் கொண்டுவாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அது தீப்பிடிக்கும். அதைச் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், பையில் அடைத்து பஸ்ஸில் தூக்கிவராதீர்கள். சொல்லியனுப்புங்கள், நானே வீட்டுக்கு வருகிறேன்.