உறையின் மேல் எழுதிய தேதி

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. ஆலைகளுக்கு அருகே உப்பனாறு ஓடுகிறது. அங்கே கேமராவோடு நிற்பவருக்குப் புகைபோக்கி கிடைக்கும், ஆற்று நீரின் நிறம் கிடைக்கும், வலை வீசுபவரின் நிழலும் கிடைக்கும். வாடை மட்டும் எந்தக் கேமராவிலும் விழாது. சுற்றியுள்ள ஊர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்ததோ அந்த வாடையைப் பற்றித்தான். 2004-இல் அவ்வூர்களின் மக்கள் சிலர் தாங்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தத் திசை, வாடை எதைப் போல் இருந்தது என்று குறித்து வைத்தார்கள். காற்றையே பைகளில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். படம் எட்டாத இடத்தில் ஒரு குறிப்பேடு சாட்சி சொன்னது.

அந்தக் குறிப்பேட்டை நினைக்கும்போது, பழைய ஸ்டுடியோக்களின் நெகட்டிவ் உறைகள் எனக்கு நினைவு வரும். உறையின் மேல் பென்சிலால் ஓர் எண், ஒரு பெயர், ஒரு தேதி. அவ்வளவுதான். ஆனாலும் படத்துக்கு முகவரி அதுவே. பிலிம் கழுவிய இருட்டறை போய் லேப் வந்தது, லேப் போய் கணினி வந்தது. கல்யாண ஆல்பம் கரிஷ்மா ஆல்பமாகி, இன்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பிலிம் ரோலுக்காகப் பத்திரிகை அலுவலகம் காத்திருந்த காலமும் போயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நம் புகைப்படக்காரர் தளராமல் கற்றுக்கொண்டார், கடன் வாங்கியாவது புதுக் கருவிக்கு மாறினார். அந்த உழைப்பை எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஆனால் எதற்கு மாறுவது என்று கேட்ட அளவுக்கு, எதைக் கையோடு எடுத்துச் செல்வது என்று நாம் கேட்கவில்லை. வழியில் தவறிப்போனது அந்த உறை.

தமிழ்நாட்டில் எத்தனையோ நெகட்டிவ்கள், அவற்றில் இருந்த வெள்ளிக்காக எடைக்குப் போட்டு உருக்கப்பட்டன. தலைமுறைகளின் முகங்கள் கரைந்து சில கிராம் உலோகமாயின. மிஞ்சிய பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு டிஜிட்டலாக்கினார்கள். கடையை மூட வைத்த அதே டிஜிட்டல்தான் கடைக்குள் இருந்தவற்றைக் காப்பாற்றியது. உருவம் மீண்டுவிடும், உறையில் எழுத்து இல்லாவிட்டால், அது யார் என்று சொல்லத்தான் ஆளில்லை.

குறிப்பேடு எழுதப்பட்ட அதே 2004-இல், டிசம்பர் 26 சுனாமியில், கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. வீட்டோடு ஆல்பத்தையும் இழந்தவருக்கு, எங்கோ ஓர் அலமாரியில் பெயரோடும் தேதியோடும் கிடக்கும் ஒரு நெகட்டிவ் என்னவாக இருக்கும்!

கண்ணாடித் தகட்டிலிருந்து பிலிமுக்கும், பிலிமிலிருந்து எண்களுக்கும் படம் உடல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, இனியும் மாறும்; ஆனால் இல்லாத முகத்தையும் இயந்திரம் நொடியில் வரைந்து தரும் இக்காலத்தில், கண்ணுக்குத் தெரிவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதும், யாரோ ஒருவர் தம் பெயரை ஈடாக வைத்து, இந்த நாளில் இந்த இடத்தில் இது நடந்தது, நான் கண்டேன் என்று பின்னால் நிற்கும்போதுதான் காட்சி சாட்சியாகிறது என்பதும் நமக்கு முன்னெப்போதையும்விடத் தெளிவாகத் தெரிகின்றன.

மதுரையில் மீன் விற்ற தாய் கடன் வாங்கித் தந்த பணத்தில் கேமரா வாங்கியவர் புகைப்படக்காரர் எம். பழனி குமார். 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. சிப்காட்டுக்கு அருகிலுள்ள கடலூர் துறைமுகத்தில், மீன்கழிவு சேகரித்துப் பிழைக்கும் முதிய பெண் ஒருவரை அவர் படமெடுத்திருக்கிறார். ஊரக இந்தியாவை ஆவணப்படுத்தும் பாரி (PARI) இணையதளத்தில் அந்தப் படங்களோடு அப்பெண்ணின் பெயர் இருக்கிறது, அவர் சொன்ன சொற்கள் இருக்கின்றன, எடுத்தவர் பெயரும் இருக்கிறது.