7 நாள் உல்லாசமும் வட்டிக் கடனும்

 

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு செங்கோட்டைச் சகோதரர் ஒருவர் பள்ளியிலேயே காத்திருந்தார். வளைகுடாவில் வேலை செய்பவர், சாரல் நேரம் பார்த்து விடுமுறையில் வந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கட்டுக் காகிதம். "ஹஜ்ரத், இதைப் பார்த்துச் சொல்லுங்க. நான் வாங்கினது ஹலாலா, ஹராமா?" என்றார்.

நடந்தது இதுதான். அங்கே ஒரு கடைத்தெருவில் குலுக்கல் சீட்டில் பெயரும் செல்பேசி எண்ணும் எழுதிப் போட்டிருக்கிறார். பரிசு விழுந்திருக்கிறது என்று அழைப்பு வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஓட்டலுக்கு வரவேண்டும் என்று நிபந்தனை. போனால் ஜூஸ், கேக், சிரித்த முகம். இரண்டு மணி நேரப் பேச்சு. தாய்லாந்தில் கடலோரம் அறை, வருடத்தில் 7 இரவு, 25 வருடம் உங்களுக்கே சொந்தம், இந்த விலை இன்று ஒரு நாள் மட்டும்தான் என்றார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லையே என்றதும், அதற்கும் வழி தயாராக இருந்தது. கிரெடிட் கார்டில் முன்பணம், மீதிக்கு வங்கிக் கடன், மாதத் தவணை. எழுந்து வரும்போது 14 இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். குலுக்கலில் விழுந்த பரிசு என்ன என்று கேட்டேன். ஒரு குளிர்பானக் குவளை செட் என்றார்.

அவருடைய உம்மா அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறார்கள்: "ஊரெல்லாம் சீசனுக்கு நம்ம குற்றாலத்துக்கு வந்து ரூம் எடுத்துத் தங்குது. நீ கடன் வாங்கி எங்கடா போறே?" சிரித்துவிட்டு நகரக் கூடிய கேள்விதான். ஆனால் அவர் கேட்ட ஹலால், ஹராம் கேள்வி அவ்வளவு எளிதில் தீரவில்லை. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன். இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் தென்காசியிலும் கடையநல்லூரிலும் இன்னும் இருக்கலாம்.

இது புதிய வியாபாரம் அல்ல. 1960களில் ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலைப்பகுதி விடுதிகளில் தொடங்கியது. ஒரே அறையை வருடத்தின் வாரங்களாகப் பிரித்துப் பலருக்கு விற்பது. 1974ல் அமெரிக்காவில், ஒருவருடைய வாரத்தை இன்னொருவருடைய வாரத்தோடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனமும் வந்தது. நம் நாட்டில் 1986ல் சென்னையில் ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996ல் மஹிந்திரா ஹாலிடேஸும் தொடங்கப்பட்டன. டைம்ஷேர், ஹாலிடே மெம்பர்ஷிப் என்று பெயர்கள் பல. சாரம் ஒன்றுதான்: அறையில் உங்களுக்கு இருப்பது காலப் பங்கு.

அப்படியானால் காலத்தைப் பங்கு போட்டு வாங்குவதே தவறா? சிலர் உடனே ஹராம் என்று சொல்லிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். நம் பகுதி விவசாயிகளைக் கேளுங்கள். கிணற்றில் கால் பங்கு என்று பத்திரத்திலேயே எழுதுவார்கள். கிணற்றை நான்காக வெட்டி எடுத்துக்கொண்டு போக முடியுமா? இன்ன நாள் தண்ணீர் உனக்கு, இன்ன நாள் எனக்கு. அதுதான் அந்தப் பங்கு. ஸாலிஹ் (அலை) அவர்களுடைய ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஸமூது கூட்டத்தாருக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை வைக்கப்பட்டதை அல்லாஹ் சூரத்துஷ் ஷுஅராவில் சொல்லிக் காட்டுகிறான். இப்படி ஒரு பொருளின் பயனை முறை வைத்துப் பிரித்துக்கொள்வதை ஃபிக்ஹு நூல்களில் முஹாயஆ என்பார்கள்.

மதீனாவின் ரூமா கிணறு நம் எல்லோருக்கும் தெரியும். முஹாஜிர்கள் வந்த புதிதில் குடிநீருக்குக் கஷ்டம். நல்ல தண்ணீர் அந்தக் கிணற்றில்தான் இருந்தது, அதை விலைக்கு விற்றார்கள். அதை வாங்கி முஸ்லிம்களுக்குக் கொடுப்பவருக்குச் சொர்க்கம் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் சொன்னார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் போய்க் கேட்டபோது உரிமையாளர் முழுக் கிணற்றையும் தர மறுத்ததாக வரலாற்று நூல்களில் வருகிறது. 12,000 திர்ஹத்துக்குப் பாதியை வாங்கினார்கள். ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு என்று ஒப்பந்தம். உஸ்மான் (ரலி) அவர்களுடைய நாளில் மக்கள் இரண்டு நாளைக்கான தண்ணீரை இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் விற்பவரிடம் ஆள் இல்லை. கடைசியில் அவரே வந்து, மீதிப் பாதியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அது 8,000 திர்ஹம். நம் பாஷையில் சொன்னால் அந்தப் பாதி ஒரு டைம்ஷேர்தான்.

2007ல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இதை ஆராய்ந்தது. சொத்தில் பொதுப் பங்கு வாங்குவதும், குறிப்பிட்ட காலப் பயனை வாடகைக்கு எடுப்பதும், பங்காளிகள் முறை வைத்துப் பயன்படுத்துவதும் கூடும் என்றே தீர்மானித்தது. ஆனால் விற்பனைக்கும் வாடகைக்கும் ஷரீஅத் வைத்துள்ள நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வாடகை என்றால் கட்டிடத்தின் அடிப்படைப் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு என்பதும் அதில் உண்டு.

அந்தத் தம்பியின் காகிதத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். சொந்தம், சொந்தம் என்று வாயால் சொன்னார்களே தவிர, காகிதத்தில் சொத்து எதுவும் இல்லை. எந்தக் கட்டிடம், எந்த அறை, எந்த வாரம் என்று இல்லை. இருந்தது புள்ளிகள். வருடத்துக்கு இத்தனை புள்ளி. அறை காலியாக இருந்தால் பதிவு செய்யலாம். எந்த மாதத்துக்கு எத்தனை புள்ளி தேவை என்பதைக் கம்பெனி மாற்றிக்கொள்ளலாம். வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தையும் அவர்களே உயர்த்தலாம். போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்ட வேண்டும்.

குற்றாலத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஜூலையில் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும்போது ஏழு நாள் என்பதும், ஏப்ரலில் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு ஏழு நாள் என்பதும் ஒன்றா? ஏழு நாள் தருகிறேன் என்று விலை பேசி, எந்த ஏழு நாள் என்பதை விற்றவர் கையிலேயே வைத்துக்கொண்டால், வாங்கியவரிடம் என்ன இருக்கிறது? ஃகரர், அதாவது நிச்சயமற்ற தன்மை உள்ள வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) வழியாக வருகிறது. எல்லா ஒப்பந்தமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. காலம், இடம், கட்டணம் மூன்றும் தெளிவாக எழுதிய ஒப்பந்தமும் இருக்கலாம். படித்துத்தான் சொல்ல முடியும். அவர் படிக்கவில்லை.

அடுத்தது பணம் வந்த வழி. பொருள் ஆகுமானதாக இருந்தும் வழி ஹராமாகிவிடும் இடம் இது. விற்பவரே, ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு இன்னொரு விலை என்று சொல்லி, வாங்குபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து விலையை முடித்துக்கொண்டால், பெரும்பாலான இமாம்கள் அதை அனுமதிக்கிறார்கள். தாமதமானால் தொகை ஏறக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இங்கே நடந்தது அது அல்ல. வங்கி பணத்தைக் கம்பெனிக்குக் கட்டிவிட்டு, அவரிடம் கூடுதலாக வாங்குகிறது. இது கடன் மீது வட்டி. வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியதாக அல்லாஹ் சூரத்துல் பகரா 275ஆம் வசனத்தில் அறிவிக்கிறான். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், அதற்கு இரு சாட்சிகள் எல்லோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்து, பாவத்தில் அவர்கள் சமம் என்றார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

"எனக்கு நோ காஸ்ட் இஎம்ஐ என்றுதானே சொன்னார்கள்?" என்றார் தம்பி. 2013ல் நம் ரிசர்வ் வங்கியே, பூஜ்ஜிய சதவீத வட்டி என்ற ஒன்று கிடையாது, வட்டியைச் செயல்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கிறார்கள் என்று சொல்லி அத்தகைய திட்டங்களைத் தடுத்தது. பெயர் மாறினால் சட்டம் மாறாது.

அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அவருடைய சரியான தொகை இங்கே வேண்டாம், ஒரு உதாரணம் சொல்கிறேன். விலை 5 லட்சம். 1 லட்சம் முன்பணம், 4 லட்சம் கடன், 15 சதவீத வட்டி, 48 மாதம். மாதத் தவணை சுமார் 11,130 ரூபாய். கடனுக்கு மட்டும் கட்டுவது சுமார் 5,34,000. பராமரிப்புக் கட்டணம் வருடம் 20,000, உயராமலே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 25 வருடத்துக்கு 5 லட்சம். எல்லாம் சேர்த்து 11,34,000. கிடைப்பது 175 இரவு. ஓர் இரவுக்கு 6,480 ரூபாய். விமான டிக்கெட், விசா, சாப்பாடு, வரி எல்லாம் தனி. எல்லா வருடமும் தவறாமல் போனால்தான் இந்தக் கணக்கும். நம் ஊர்ச் சபர்க்காரருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் லீவு. அந்த லீவில் உம்மாவைப் பார்க்க ஊருக்கு வருவாரா, தாய்லாந்து போவாரா?

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. அவருக்கு 44 வயது. 25 வருடம் என்றால் 69. தன் கையில் இல்லாத காலத்தை ஒரு மனிதன் எப்படி அடகு வைக்கிறான்? ஷஹீதுக்குக் கூட கடனைத் தவிர மற்றவை மன்னிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். கடன்பட்டவருடைய ஜனாஸாவுக்குத் தொழுவிக்கத் தயங்கி நின்றார்கள், அபூகதாதா (ரலி) அந்தக் கடனைத் தான் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழ வைத்தார்கள். கடனிலிருந்து தொழுகையிலேயே பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மீறுகிறான் என்று விளக்கினார்கள். இந்தத் தம்பியும் தவணை விவரத்தை உம்மாவிடம் பாதி மறைத்துத்தான் சொல்லியிருந்தார். நல்ல பிள்ளை. கடன் அவரைப் பொய் சொல்ல வைத்துவிட்டது.

குடும்பத்தைச் சந்தோஷப்படுத்துவதும் நன்மைதானே என்று கேட்பீர்கள். சந்தேகமே இல்லை. மனைவி மக்களோடு பயணம் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. கையில் இருக்கிற பணத்தில் மூணாறு போங்கள், மலேசியா போங்கள், மாஷா அல்லாஹ். வீடு இல்லாதவர், மருத்துவச் செலவில் தத்தளிப்பவர் என்னிடம் வந்து, நிர்ப்பந்தம் ஹஜ்ரத் என்று அழுதால், அவருடைய நிலைமையைக் கேட்டுப் பதில் சொல்ல எனக்கே நாக்கு தடுமாறும். கடற்கரை அறைக்கு எந்த நிர்ப்பந்தத்தைச் சொல்வது? உஸ்மான் (ரலி) தாகத்துக்காகத் தன் சொந்தக் காசில் முறை வாங்கினார்கள். நாம் களைப்பாறுவதற்காக அடுத்தவர் காசில், வட்டிக்கு முறை வாங்குகிறோம். கையில் முன்பணம் சேர்ந்தபோது, ஹஜ்ஜுக்கு அதை வைக்கலாமே என்று ஒரு தடவையாவது தோன்றியதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அந்த ஓட்டல் அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோன ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களுக்கு, பேரம் முடிக்கும்போது ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லிவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் யோசித்துத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் கொடுத்ததாக அறிவிப்பு உண்டு. இதிலிருந்துதான் இமாம்கள் கியாருஷ் ஷர்த் என்ற சட்டத்தை எடுத்தார்கள். ஐரோப்பிய நாடுகள் இந்த டைம்ஷேர் விற்பனையில் மக்கள் பட்ட அடியைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அதுவரை முன்பணமே வாங்கக் கூடாது என்று 2009ல் சட்டம் போட்டன. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதிய நாள்தான் கணக்கு. இன்று மட்டும் என்று ஒருவர் சொன்னாலே, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? முதலில், விலகும் காலம் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதும் காகிதத்தில் உள்ளதும் வேறு என்றால், இந்தியாவில் வாங்கியவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். தவ்பா செய்கிறேன் என்று சொல்லித் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வாங்கிய அசலைத் திருப்பிக் கொடுப்பது கடமை, நிறுத்தினால் வட்டிதான் மேலும் ஏறும். எவ்வளவு சீக்கிரம் கடனை மொத்தமாக அடைக்க முடியுமோ அடையுங்கள். அந்த அறையில் தங்கலாமா என்றால், பாவம் கடன் ஒப்பந்தத்தில் இருக்கிறது, தங்கும் உரிமை அவர் விலை கொடுத்தது, தங்கலாம் என்பது என் கருத்து. பேணுதலுக்காக விட்டுவிடுபவரை நான் தடுக்கமாட்டேன்.

இந்தத் தம்பிக்கு விலகும் நாள் கடந்துவிட்டது. அடைப்பதற்கு நகையை அடகு வைக்கட்டுமா என்று கேட்டார். ஒரு வட்டியை அடைக்க இன்னொரு வட்டியா என்றேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். மனைவி தன் வளையல்களை விற்கச் சொல்லிவிட்டாராம். பெண்ணின் நகை பெண்ணுடைய சொத்து. மனம் பொருந்தித் தருகிறாரா, உங்கள் முகத்துக்காகத் தருகிறாரா என்று கேட்டேன். அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவந்தார். அன்பளிப்பாக அல்ல, கடனாகத் தருகிறேன், எழுதிக் கொடுங்கள் என்று சொன்னாராம் அந்தச் சகோதரி. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் பகரா 282ஆம் வசனத்தின்படி, எத்தனை கிராம், எப்போது திருப்பித் தருவது என்று ஒரு தாளில் எழுதினோம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் நானும் ஒருவன். அவர் அடுத்த மாதம் சபர் போகிறார். அந்த வளையல்கள் திரும்பி வர துஆ செய்யுங்கள்.