முத்திரிக் கிணறும் நாத்திகர் வீட்டுக் கல்யாணமும்

அய்யா நடத்திய அற்புதங்களை விஞ்ஞானம் ஒத்துக்கொள்ளுமா என்று படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். சாமி இல்லை என்பவனிடம் தர்மம் இருக்குமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் என் சிறிய அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

விஞ்ஞானம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து அறிவது. ஒருவர் பதம் குடித்தார், மறுநாள் காய்ச்சல் விட்டது என்றால், குடிக்காதவருக்கும் விட்டதா என்று டாக்டர் கேட்பார். பல காய்ச்சல் தானாகவே விடும் அல்லவா? அது நிந்தனை அல்ல, அவர் தொழில். ஒரு தடவை, ஒருவருக்காக அய்யா செய்ததை அந்தத் தராசில் நிறுக்க முடியாது. நிறுக்க முடியாததைப் பொய் என்று சொல்லத் தராசுக்கு உரிமை இல்லை. மெய் என்று முத்திரை குத்தித் தரும்படி நாமும் அதனிடம் கேட்கக் கூடாது. 'விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது' என்று மைக்கில் முழங்குகிறவர்கள் கொஞ்சம் அடங்கினால் நல்லது.

நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பதம் மட்டும் போதும் என்று வருகிறவர்கள் இன்றும் உண்டு. மக்களே, கடிவாயைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொன்ன நாட்களில் எல்லா ஊசியும் போடுங்கள். வெறிநோய் வெளியே தெரிந்த பிறகு ஊசியால் பயனில்லை. பதமும் தருகிறோம், ஆட்டோவும் பிடித்துத் தருகிறோம்.

எனக்குப் பெரிய அற்புதம் எது தெரியுமா? பொதுக் கிணற்றை நெருங்கவே பல சாதிகளுக்கு உரிமை இல்லாத திருவிதாங்கூரில், பதினெட்டுச் சாதியையும் அய்யா முத்திரிக் கிணற்றில் ஒன்றாகக் கூட்டினாரே, அதுதான். அதை எந்த விஞ்ஞானியும் மறுக்கமாட்டார்.

இனி நாத்திகர். ஆந்திராவில் கோரா என்று ஒருவர் இருந்தார். 1902இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்து தாவரவியல் கற்பித்தவர். 1940இல் நாத்திக மையம் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்துப் பையனுக்குத் தம் மகளைக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்க ராமபக்தரான காந்தியே ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் அவரைச் சுட்டுவிட்டார்கள். 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில், காந்தி இல்லாமலே கல்யாணம் நடந்தது.

நாத்திகர் எல்லாம் கோரா என்று சொல்லவில்லை. சாமி இல்லை என்று பேசிக்கொண்டு வட்டிக்கு வட்டி வாங்குகிறவனும் நம் ஊரில் இருக்கிறான். நாமம் சாற்றிக்கொண்டு வாங்குகிறவனும் இருக்கிறான்.

பதியில் தலைப்பாகை கட்டி, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து அன்னதர்மம் உண்கிறோம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது தரகரிடம் முதலில் என்ன கேட்கிறோம்? சாமி இல்லை என்ற கோரா அதைக் கேட்கவில்லை.

அய்யா உண்டு.