உயிர்த்த ஞாயிறும் ஊர்க் கல்லறையும்

வசந்த காலத்துச் சமராத்திரியை அடுத்து வரும் பௌர்ணமிக்குப் பின்னுள்ள ஞாயிற்றுக்கிழமையை உயிர்த்த ஞாயிறாக மேலைத் திருச்சபை கணக்கிட்டு வருவதால், அப்பெருநாள் மார்ச் 22-க்கு முந்தியோ ஏப்ரல் 25-க்குப் பிந்தியோ வருவதில்லை. ஐரோப்பாவின் வடபகுதிகளில் அது பனி உருகி மரங்கள் துளிர்விடும் பருவம். ஆகவே அந்நாட்டுப் பிரசங்கிகள் மொட்டு அவிழ்வதையும் புல் தளிர்ப்பதையும் சுட்டிக்காட்டி மீட்பர் எழுந்த செய்தியை விளக்கப் பழகிவிட்டார்கள். அப்பழக்கத்தின் வால்பிடித்து வர்ண முட்டைகளும் பொம்மை முயல்களும் நம் கடைவீதிகள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் மரக்காணத்து உப்பளங்களில் தொடங்கிக் கடலோரமாகத் தெற்கே இறங்கி, கோட்டக்குப்பத்துக்கு முன்பே உள்ளே திரும்பி, இடையஞ்சாவடியின் செம்மண் மேட்டில் ஏறுகிற ஒருவன் அந்நாட்களில் காண்பது துளிர்க்கும் பூமியையன்று. பங்குனி வெயில் முற்றிச் சித்திரையை நோக்கிப் போகும்போது ஏரிகள் வற்றுகின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகளில் உப்பு பூத்து, அதை வாரிக் குவிக்கும் கூலியாட்களின் பாதங்கள் வெடிக்கின்றன. இயற்கை இங்கே உயிர்ப்பைப் பற்றி எந்தப் பிரசங்கமும் செய்வதில்லை.

இது ஒரு குறையன்று, ஒருவகையில் அநுகூலமே. வசந்தம் நல்லோர் தீயோர் என்று பாராமல் ஆண்டுதோறும் திரும்பி வருவது. குற்றமற்றவனுக்குத் தண்டனை விதித்த பிலாத்துவின் தோட்டத்திலும் அது பூத்திருக்கும். கிறிஸ்தவர்கள் அறிக்கையிடும் உயிர்ப்போ பருவங்களின் சுழற்சியில் அடங்குவதில்லை. அரசாங்கம் விசாரித்து, மதத் தலைவர்கள் ஆமோதித்து, ஜனத்திரள் கூச்சலிட்டு, அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய அவமானச் சாவுக்கு ஒப்புவிக்கப்பட்ட ஒரு மனிதனின் சரீரத்தைக் கடவுள் எழுப்பினார் என்பதே அதன் உள்ளடக்கம். ஆதலால் அது முதலாவதாக ஒரு தீர்ப்பு. கீழ்க்கோர்ட்டு எழுதிய தீர்ப்பை மேல்கோர்ட்டு ரத்துசெய்வதைப் போல, மனிதர் இழிந்ததென்று எறிந்த உடலைக் கடவுள் மாண்புடையதென்று ஏற்ற செயல். இவ்வாறு கொள்வோமாயின், உயிர்த்த ஞாயிற்றின் பொருளை அன்றாட வாழ்வில் தேட வேண்டிய இடமும் தெளிவாகிவிடுகிறது. எந்த உடல்களை நாம் இழிந்தவை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமோ, அந்த உடல்களின் அருகில்தான் அதைத் தேட வேண்டும்.

விசுவாசப் பிரமாணத்தின் முடிவில் ஆத்துமாவின் அமரத்துவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சரீர உத்தானமே சொல்லப்பட்டிருக்கிறது. உடலைச் சட்டையென்றும் கூடென்றும் பேசிப் பழகிய நம் நாட்டில் இது ஒரு விசித்திரமான கோட்பாடு. பழைய கிரேக்கர்களுக்கும் அது விசித்திரமாகவே பட்டது. கூலிக்காரனின் முதுகும், பிள்ளை பெற்ற தாயின் வயிறும், தொழுநோயாளியின் விரலும் கடவுளின் நினைவில் வைக்கப்பட்டுள்ளன என்று அது சொல்கிறது. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் உயிர்ப்பைப் பற்றி அவ்வளவு ஆவேசத்தோடு வாதாடும் பவுல், அதே திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தில், ஆண்டவரின் விருந்துக்குக் கூடிய இடத்தில் செல்வர்கள் முந்தி உண்டு ஏழைகளைப் பசியோடு நிறுத்தியதைக் கண்டித்தது தற்செயலன்று. பந்தியில் உடல்களைப் பிரித்தவர்களுக்குத்தான் உடல்களின் உயிர்ப்பைப் பற்றியும் அவர் பாடம் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இப்பிரிவினை பந்தியோடு நிற்கவில்லை. கோயிலின் உட்புறத்துக்கும், அதைக் கடந்து கல்லறைத் தோட்டத்துக்கும் சென்றது. இடையஞ்சாவடியிலிருந்து பத்துக் கல் தொலைவுக்குள் இருக்கும் புதுச்சேரியில், கோயிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் என்று அழைக்கப்பட்டோரையும் பிரித்து நின்ற ஒரு சுவரைப் பற்றியும், அது அகற்றப்பட்டதால் எழுந்த கலகத்தைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்களாகக் கோயில் கட்டப்பட்டிருந்தது. 1910-இல் கௌசானல் அடிகள் நடுச்சுவரை இடிப்பித்தபோது, சுவர் தங்கள் உரிமை என்று சிலர் சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் வழக்காடித் தோற்றார்கள். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறையில் இறந்தவர்களுக்கு இடையில் நின்ற சுவரை 2010-ஆம் ஆண்டில் கூடச் சிலர் இடிக்கப் புறப்பட வேண்டியிருந்தது. உயிரோடிருப்பவர்களைப் பிரிக்கும் சுவருக்குத் தீட்டு, சம்பந்தம், சொத்து என்று ஏதோ ஒரு லௌகிகக் காரணமாவது சொல்வார்கள். மண்ணுக்குள் கிடக்கும் எலும்புகளுக்கு இடையில் எழுப்பிய சுவருக்கு என்ன காரணம் சொல்வது?

இவற்றுள் கடுமையானது எறையூரில் நடந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்திலும் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள அவ்வூர், புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பழமையான கத்தோலிக்க ஊர்களில் ஒன்று. தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் செல்லும் வழி, கல்லறை, கோயிலில் சமமான இடம் ஆகியவற்றைப் பற்றி நெடுங்காலமாகக் கனன்ற பூசல், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று தலித்துகள் கோரியதில் முற்றியது. 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் மாண்டனர். தலித்துகளின் வீடுகள் தாக்கப்பட்டன. அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உயிர்ப்புப் பெருவிழாவுக்குச் சரியாகப் பதினான்கு நாள் இருந்தது. வழிபாட்டுச் சுழற்சியில் அவ்வாண்டு, அந்த ஞாயிற்றுக்கென்று குறிக்கப்பட்ட நற்செய்தி வாசகம், யோவான் எழுதிய பதினோராம் அதிகாரம்: கல்லறையிலிருந்து லாசரு எழுப்பப்பட்ட சரித்திரம்.

அச்சரித்திரத்தில் சாதாரணமாக எவரும் நின்று கவனியாத ஒரு பகுதி இருக்கிறது. நான்கு நாள் கல்லறையில் கிடந்தவனை உயிரோடு வரவழைத்த இயேசு, அவனுடைய கைகால்களைச் சுற்றியிருந்த பிரேதத் துணியைத் தாம் அவிழ்க்கவில்லை. கல்லை அகற்றும் வேலையையும், கட்டை அவிழ்த்து அவனை நடக்க விடும் வேலையையும் சுற்றி நின்ற ஊராரிடம் ஒப்படைத்தார். உயிர் கொடுப்பது கடவுளின் செயல். கட்டவிழ்ப்பது அண்டை வீட்டாரின் கடமை. கட்டுண்ட கால்களோடு லாசரு வாசலில் நிற்க, ஊரார் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், அற்புதம் நிகழ்ந்ததென்று எப்படிச் சொல்ல முடியும்? உயிர்ப்பின் அன்றாடப் பொருள் யாதென்று வினவுவோர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேதத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தோன்றவில்லை.

எதிர்வாதங்களும் உண்டு, அவற்றை ஏளனமாகத் தள்ளுவது நியாயமாகாது. என் பாட்டன் பூட்டன் கிடக்கும் இடத்தில் நானும் கிடக்க வேண்டும் என்பது ஒன்று. அது மனித இயல்பு, அதில் பாவமில்லை. ஆனால் தகப்பனின் பக்கத்தில் ஒரு குழி கேட்பதற்கும், பிறசாதியான் எவனும் அந்த வேலிக்குள் வரக்கூடாதென்று கேட்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது; முன்னது பாசம், பின்னது பாசத்தின் போர்வையை இரவல் வாங்கிய அகங்காரம். மண் வெறும் மண்தானே, மோட்சத்தில் எல்லாரும் ஒன்றுதானே, இதற்காக ஏன் சச்சரவு என்பது மற்றொன்று. மண் வெறும் மண்ணென்றால் அதை இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காவல் காப்பது எதற்காக? காவல் காப்பவர்களே அதன் மகத்துவத்தை ஒப்புக்கொள்கிறார்கள். தவிர, இயேசுவின் உடலே இரவல் கல்லறையில் வைக்கப்பட்டது. அரிமத்தியாவூர் யோசேப்பு என்ற செல்வர், ஆலோசனைச் சங்கத்தின் உறுப்பினர், தமக்கென்று வெட்டி வைத்திருந்த புதுக்கல்லறையைச் சிலுவையில் தொங்கிய குற்றவாளி ஒருவனுக்குக் கொடுத்தார். குலத்தையும் அந்தஸ்தையும் பார்த்து அன்று அவர் மறுத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாசனைத் திரவியங்களோடு பெண்கள் தேடிப்போவதற்குக் கல்லறையே இருந்திராது.

மூன்றாவதே கனமானது. சுவரை இடிக்கப் போனால் இரத்தம் சிந்தும். ஆயனுக்கு மந்தையின் சமாதானமே முக்கியம் என்கிறார்கள். எறையூரில் சிந்திய இரத்தத்தைக் கண்டபின் இவ்வாதத்தை எவரும் இலேசாக மதிக்க முடியாது. விவேகம் ஒரு புண்ணியமே. எந்த நாளில், எந்த முறையில், எவருடைய துணையோடு ஓர் அநீதியை நீக்குவது என்று நிர்ணயிக்க விவேகம் வேண்டும். ஆனால் நீக்குவதா இல்லையா என்ற கேள்விக்கு மறுப்புச் சொல்ல அதே விவேகத்தைச் சாட்சிக்கு அழைக்கும்போது அது கோழைத்தனமாகிறது. உயிர்த்தெழுந்தவர் பூட்டிய அறைக்குள் வந்து சீடர்களுக்குச் சமாதானம் கூறினார் என்று வாசிக்கிறோம். கூறியவர் உடனே தம் கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டினார். காயத்தைக் காட்டியபின் வரும் சமாதானமே உயிர்ப்பின் சமாதானம். காயத்தை மூடு, பிறகு கைகுலுக்கு என்பது பஞ்சாயத்தார் செய்து வைக்கும் ராஜி.

தனிப் பங்கு கேட்டவர்களையும் இவ்விடத்தில் சிலர் குறைகூறுவர்: ஒற்றுமையைப் பேசுகிறவர்கள் பிரிவினையைக் கேட்கலாமா என்று. ஒரே செயலாகத் தோன்றினும், உள்ளே இருந்துகொண்டு பிறனை வெளியே நிறுத்துகிறவனின் பிரிவினையும், வெளியே நிறுத்தப்பட்டவன் மழைக்குத் தனக்கென்று ஒரு கூரை தேடும் பிரிவினையும் அறத்தின் தராசில் சமமாகா. தனிப் பங்கு முழுப் பரிகாரமன்று. அது வேண்டியிருந்தது என்பதே மற்றவர்கள் மீதுள்ள குற்றச்சாட்டு. 2003 நவம்பரில் ரோமாபுரிக்குச் சென்ற தமிழ்நாட்டு ஆயர்களிடம் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித்துகளை அதிகாரப்படுத்தும் கொள்கையறிக்கையொன்றை வெளியிட்டு, சாதி வேற்றுமை பெரும் பாவமென்று ஒப்புக்கொண்டது. காகிதத்தில் வேண்டியதெல்லாம் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். தாமதம் எப்போதும் கிராமத்துச் சவ ஊர்வலம் திரும்பும் தெருமுனையில்தான்.

இடையஞ்சாவடியை ஒட்டிய அதே செம்மண் மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகரத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த பிடி மண்ணைத் தாமரை வடிவான ஒரு சலவைக்கல் தாழியில் இட்டார்கள். அந்நகரத்தின் கொள்கைகளோடு ஒரு கிறிஸ்தவன் உடன்படவேண்டியதில்லை. அதன் பிற்கால வழக்குகளும் பூசல்களும் யாவரும் அறிந்தவை. எனினும், உடல்களின் உயிர்ப்பை நம்பாத ஒரு சமூகத்தார் உலகத்து மண்ணையெல்லாம் ஒரு தாழியில் கலக்கத் துணிந்திருக்க, அவ்வுயிர்ப்பை ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கையிடும் சமூகத்தார் ஓர் ஊர்க் கல்லறையின் மண்ணைக் கலக்கத் துணியாதிருப்பது வெட்கத்துக்குரியது.

பெரிய சனிக்கிழமை இரவில், பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய நெருப்பு ஒருவர் கையிலுள்ள மெழுகுவர்த்தியிலிருந்து அடுத்தவர் மெழுகுவர்த்திக்குப் போகிறது. சபையார் சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுவதாகத் திருமுழுக்கு வாக்கைப் புதுப்பிக்கிறார்கள். அச்செயல்கள் யாவை என்று எந்தக் குருவும் அவ்விரவில் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, கேட்கலாம். அன்றாட வாழ்வில் உயிர்ப்பை வாழ்வது பற்றிய நூல்கள் பெரும்பாலும் மனச்சோர்வை வெல்வதையும், நம்பிக்கையோடு புதிதாகத் தொடங்குவதையும் பேசுகின்றன. அவை வேண்டியவையே, ஆனால் அவற்றுக்கு உயிர்த்த ஞாயிறு அவசியமில்லை, ஒரு நல்ல நண்பனும் நல்ல உறக்கமும் போதும். அடுத்த தெருவில் சாவு விழுந்தால் சாதி பாராமல் பாடைக்குத் தோள் கொடுப்பதும், உப்பளத்தில் வெடித்த பாதத்தோடு வருபவனைக் கோயிலின் முன்வரிசையில் அமர்த்துவதும், அவன் வீட்டில் உண்பதும், அவன் பிள்ளையைப் பீடச் சிறுவனாக்குவதும் உயிர்ப்பை நம்பாமல் ஒருவன் தொடர்ந்து செய்யக்கூடியவை அல்ல. ஏனெனில் அவற்றால் அவனுக்குக் கிடைப்பது உறவினரின் பகை மட்டுமே.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று குடும்பங்கள் புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, பூ வைத்துத் திரி ஏற்றும். தனித்தனிக் கல்லறை வைத்திருக்கும் ஒவ்வொரு பங்கின் பேரவையும் அந்நாளுக்கு முன்பே கூடி, இனிமேல் இறப்பவர்களுக்கு இறந்த தேதியின் வரிசைப்படியே குழி ஒதுக்கப்படும் என்று ஒரு வரித் தீர்மானம் எழுதட்டும். பழைய எலும்புகளைத் தொட வேண்டியதில்லை. பணச் செலவும் கிடையாது. அத்தீர்மானத்தில் கையெழுத்திட மறுப்பவர்களை அடுத்த உயிர்த்த ஞாயிற்றில் விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வாக்கியத்துக்கு வாய் திறவாதிருக்கும்படி கேட்டுக்கொள்வது முறை.