ஞானத்தாய் யார்?

கடலோர ஊரான மணப்பாட்டில் யாரிடம் குடும்ப வரலாறு கேட்டாலும் பேச்சு நேராக 16ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடும். 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகை கடலோரத்தில் இருக்கிறது. 1581இல் எழும்பிய திருச்சிலுவை ஆலயம் மணல்மேட்டில் நிற்கிறது. இரண்டையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, 'எங்க பூட்டன் அவர் கையால ஞானஸ்நானம் வாங்கினவர்' என்று சொல்லாமலிருக்க யாரால் முடியும்? எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். பெயருக்குப் பின்னால் வரும் 'பர்னாந்து'தான் சாட்சி என்றார்கள்.

அந்தச் சாட்சி நிற்காது. முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையில் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடிய இந்தக் கரைப் பரதவர்கள், சவேரியார் வருமுன்பே 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். பர்னாந்து, கோமஸ், மிராண்டா எல்லாம் அந்த உறவோடு வந்த பெயர்கள். ஒரே பெயர் கொண்ட இரண்டு வீடுகள் ரத்தத்தால் ஒட்டியிருக்க வேண்டியதில்லை. பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் லிஸ்பன் வரலாம். நம் பூட்டன் அங்கே இருக்க மாட்டான்.

பங்குப் பதிவேடு அவ்வளவு தூரம் கூட்டிப்போவதில்லை. ஆனால் வேறொரு வழியைக் காட்டுகிறது. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்து வைக்கும்படி 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. ஞானப்பெற்றோரின் பெயரும் கட்டாயம். அவர்களுக்கும் குழந்தைக்கும் உண்டாகும் உறவு மணத்தடையாக எண்ணப்பட்டதால் அதற்கும் கணக்குத் தேவைப்பட்டது. பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவரும் அந்தப் புத்தகத்துக்குச் சொந்தக்காரர்தான்.

எங்கள் குடும்பப் பதிவுகளைப் பார்த்தபோது, ஒரே தாய் தகப்பனுக்கு, இரண்டு வருட இடைவெளியில், ஒரே பெயரில் இரண்டு ஆண் குழந்தைகள் இருந்தார்கள். இரண்டாவது என் பெரியப்பா. முதல் குழந்தையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அத்தையிடம் கேட்டேன்.

"அம்மா ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல எய்யா. பேரத்தான் அடுத்ததுக்கு வச்சாச்சே, அப்புறம் என்ன பேச?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஒரு குடும்பம் கண்ட வழி அது. பதிவேடு மட்டும் அந்தப் பிள்ளையை மறக்கவில்லை.

அத்தையின் ஞானத்தாயாகப் பதிவாகியிருந்தவர் எங்களுக்குச் சொந்தமே இல்லை. அந்தப் பெயரைச் சொன்னதும் அத்தையின் பேச்சு நிற்கவில்லை. தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்த காலம். பணம் வராத மாதங்களில் அரிசி அளந்து கொடுத்தவள், பாட்டி காய்ச்சலில் கிடந்தபோது பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்க வைத்தவள். பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர்தான் உண்டு. மற்றதெல்லாம் அத்தையின் நினைவில்.

வம்சத் தேடலில் நாம் எப்போதும் உயரத்தையே பார்க்கிறோம்: முதல் கிறிஸ்தவன், பெரிய தோணிக்காரன், சாதித் தலைவருக்கு நெருக்கமானவன். கிடைத்தாலும் அவர்களால் நம் நாளுக்கு ஆவதென்ன? ஒரு குடும்பம் பிழைத்து வந்தது பெரும்பாலும் பக்கத்தில் நின்றவர்களால். அவர்களை வம்சக் கொடியில் வரைய இடமே விடுவதில்லை. எங்கள் வரைபடத்தில் அந்த ஞானத்தாயைப் பாட்டிக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். யாரும் பேசாமல் விட்ட அந்த முதல் பிள்ளையையும் அவன் வரிசையில் சேர்த்திருக்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் பூட்டன் பெயரைக் கேளுங்கள், தப்பில்லை. கஷ்ட காலத்தில் யார் வீட்டுச் சோறு தின்றீர்கள் என்று அதற்கு முன் கேளுங்கள். முதல் கேள்விக்கான பதில் ஏதாவது ஏட்டில் கிடைக்கலாம். இரண்டாவதற்கு அவர்களை விட்டால் ஆளில்லை.